கண்ணில் கம்பு தட்டினால் யாரிடம் போவது?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி ரப்பர் பால் வெட்டப் போகிறவர். இன்று விடியற்காலையில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டும்போது காய்ந்த கம்பு ஒன்று இடது கண்ணில் தட்டிவிட்டது. கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது, தண்ணீர் வடிகிறது, மண் கிடப்பது போல உறுத்துகிறது. பார்வை பரவாயில்லை என்கிறார் தம்பி. மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டால் போதும் என்கிறார் அப்பா. மார்த்தாண்டத்தில் கண்ணாடிக் கடையில் இலவசமாகப் பார்க்கிறார்கள், அங்கே போகலாம் என்கிறார் சித்தப்பா. பக்கத்து வீட்டு அம்மா வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் காட்டச் சொல்கிறார். "இவ்வளவு சின்னக் காயத்துக்கு யாரிடம்தான் போவது?" என்பது கேள்வி.

தங்கச்சி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் டாக்டரிடம் போங்கள். இன்று சாயங்காலமே. முடியவே இல்லையென்றால்தான் நாளைக் காலை முதல் வேலையாக. அதற்கு முன்னால் யார் கொடுத்தாலும் எந்தச் சொட்டு மருந்தையும் விடவேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக 28 வருஷம் வேலை பார்த்தவன். கண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை முதலில் பார்த்து, இவரை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா, தக்கலை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஓடச் சொல்லலாமா என்று பிரித்து அனுப்பியதுதான் என் வேலையில் பாதி. அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

கையில் வெட்டுப்பட்டால் காயத்தின் நீளம் ஆழத்தைப் பார்த்தே வீட்டில் முடிவு எடுத்துவிடலாம். கண்ணில் அது முடியாது. கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கிற படலத்தை. அதன் தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதன் மேல்தோல் லேசாகச் சிராய்ந்தாலும் உயிர் போகிற மாதிரி உறுத்தும், ஆனால் இரண்டு மூன்று நாளில் தடமில்லாமல் ஆறிவிடும். அதே சமயம் சுத்தியலால் உளியை அடிக்கும்போது தெறித்த ஒரு இரும்புப் பொடி கண்ணைத் துளைத்து உள்ளே போய்விட்டாலும், சில சமயம் வெளியே ஒரு சின்னச் சிவப்புதான் தெரியும், வலியே இருக்காது. அதனால் எவ்வளவு வலிக்கிறது, எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதைக் கேட்டு நான் முடிவு எடுத்ததில்லை. என்ன பட்டது, எவ்வளவு வேகத்தில் பட்டது, பட்ட பிறகு பார்வை எப்படி இருக்கிறது என்று மூன்றையும் கேட்பேன். யாரிடம் போகவேண்டும் என்பதை அந்த மூன்று பதிலும் சேர்ந்து சொல்லிவிடும்.

உங்கள் தம்பி விஷயத்தில் பட்டது மரக்கம்பு. எனக்கு யோசனை அங்கேதான். இரும்புப் பொடி சூட்டோடு தெறித்து வருகிறது, அதில் கிருமி குறைவு. மழையில் நனைந்து காய்ந்து கிடந்த கம்பு, தென்னை ஓலை, நெல் தாள், பனை மட்டை, மாட்டு வால் இதெல்லாம் அப்படியில்லை. பூஞ்சைக் காளானைக் கூடவே கொண்டுவரும். 1994-ல் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டவர்கள். பரிசோதனையில் கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூஞ்சை. நம் ஊர் வெப்பமும் ஈரமும், வயலிலும் தோட்டத்திலும் செய்கிற வேலையும் சேர்ந்து தெற்கே இப்படி ஆக்கி வைத்திருக்கின்றன. பூஞ்சை முதல் சில நாள் சத்தமே போடாது. உறுத்தல் குறைந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில், நாலு நாளோ ஒரு வாரமோ கழித்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும்.

இப்போது மெடிக்கல் கடைக்கு வருகிறேன். அப்பா சொல்வதில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை, எல்லா வீட்டிலும் முதலில் அதுதான் நடக்கிறது. மருந்துக்கடைக்காரர்களிலும் "இது என் வேலை இல்லை, டாக்டரைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பும் நல்லவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கடையில் "கண் சிவப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது ஸ்டீராய்டு கலந்த சொட்டு. அது விட்ட அன்றைக்கே சிவப்பு இறங்கும், கண் வெளுக்கும், ஆள் வேலைக்குப் போய்விடுவார். உள்ளே பூஞ்சை இருந்தால், அதை எதிர்த்துப் போராடுகிற உடம்பின் சக்தியை அந்த மருந்து அமுக்கிவிடும். பூஞ்சைக்கு அது திறந்துவிட்ட கதவு.

ஒரு அம்மாவை இன்னும் மறக்க முடியவில்லை. பூதப்பாண்டி பக்கம், கதிரடிக்கும்போது நெல் உமி கண்ணில் விழுந்தது. கடையில் வாங்கிய சொட்டை 9 நாள் விட்டிருந்தார். முதல் மூன்று நாள் நன்றாக இருந்ததாம். என்னிடம் வந்தபோது கருவிழியின் நடுவில் ஒரு வெள்ளைப் படலம், ஓரமெல்லாம் பஞ்சு பிய்ந்தது போல, இறகு இறகாக. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பையில் இருந்து சொட்டு மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டினார், லேபிளில் டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தது. மெடிக்கல் காலேஜில் சேர்த்து, மணிக்கு ஒரு தடவை என்று நாட்டாமைசின் என்கிற பூஞ்சைக் கொல்லிச் சொட்டை விட்டு, வாரக்கணக்கில் பாடுபட்டு கண்ணைக் காப்பாற்றினார்கள். கண் இருக்கிறது, பார்வை இல்லை. ஊரில் சொல்கிறோமே, கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று, அதுதான். முதல் நாளே யாராவது அந்தக் கண்ணை விளக்கு வைத்துப் பார்த்திருந்தால் உமியை எடுத்து, ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அதனால் வீட்டில் ஏற்கெனவே ஏதாவது சொட்டு வாங்கி வைத்திருந்தால் லேபிளைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், ஃபுளூரோமெத்தலோன் என்று "சோன்", "லோன்" என முடிகிற பெயர் இருந்தால் தொடவே கூடாது. போன வருஷம் பாட்டிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த பாதிப் புட்டியும் பெரும்பாலும் இந்த வகைதான். வலியை மரத்துப்போக வைக்கும் சொட்டு ஒன்று உண்டு. டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு துளி விடுவார், உறுத்தல் நொடியில் போய்விடும். "அதையே எழுதிக் கொடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் அதை விட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆறாது, கருவிழி கரைந்துகூடப் போகும். வலிக்கு ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், அது போதும்.

கண்ணாடிக் கடையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே மூன்று விதமான ஆட்களை எல்லோரும் "கண் டாக்டர்" என்றே சொல்லிவிடுகிறோம். கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்தி லென்ஸ் வெட்டித் தருபவர் ஆப்டிஷியன், அவருக்குக் கண்ணாடி தெரியும். ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவர். கண்ணைப் பரிசோதித்து, பவர் பார்த்து, கோளாறு இருந்தால் கண்டுபிடித்து அனுப்பத் தெரிந்தவர், ஆனால் காயத்துக்கு வைத்தியம் செய்வது அவர் வேலை இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் கண்ணுக்கென்றே எம்.எஸ்., டி.ஓ., டி.என்.பி. என்று படித்தவர்தான் கண் மருத்துவர். போர்டில் பெயருக்குப் பின்னால் இருக்கிற எழுத்துக்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சித்தப்பா சொல்கிற இலவசப் பரிசோதனை கம்ப்யூட்டரில் பவர் பார்ப்பது. தாடையை வைத்ததும் தூரத்தில் ஒரு பலூன் தெரியுமே, அந்த மெஷின். அது கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்காது. கடையில் நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் இருந்து, அவரிடம் ஸ்லிட் லாம்பும் இருந்தால், "கீறல் இருக்கிறது, இப்போதே டாக்டரிடம் போங்கள்" என்று சொல்லி அனுப்புவார். அப்படிச் சொன்னவர்களால் பிழைத்த கண்களும் உண்டு. ஆனாலும் அது ஒரு சுற்றுவழி, தம்பிக்கு நேர்வழியே இருக்கிறது.

அந்த ஸ்லிட் லாம்பைத்தான் நீங்கள் தேடிப் போகவேண்டும். டாக்டருடைய பெயரை விட, கட்டடத்தின் அளவை விட, அந்த மெஷினும் அதில் பார்க்கத் தெரிந்த ஆளும் இருக்கிறார்களா என்பது முக்கியம். தாடையையும் நெற்றியையும் முட்டுக்கொடுத்து உட்கார வைப்பார்கள், ஒரு மெல்லிய கீற்று வெளிச்சம் கண்ணில் விழும், அந்தப் பக்கம் டாக்டர் பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கிப் பார்ப்பார். அதற்கு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் நுனி உள்ள சின்னக் காகிதத் துண்டை நனைத்துக் கீழ் இமைக்குள் ஒரு தொடு தொடுவார். பிறகு நீல வெளிச்சத்தைப் போட்டால் சிராய்ப்பு இருக்கிற இடம் மட்டும் பச்சையாகப் பளிச்சென்று எரியும். முதல்முறை அதைப் பார்த்தபோது மின்மினி நினைவுக்கு வந்தது எனக்கு. சாதாரண டார்ச்சில் ஒன்றுமே தெரியாத கண்ணில், நீல வெளிச்சத்தில் கோடு கோடாகக் கீறல் தெரியும்.

அந்தக் கோடுகள் மேலும் கீழுமாக, சீப்பால் வாரியது போல இருந்தால் மேல் இமைக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் அது கருவிழியைச் சுரண்டுகிறது. உடனே இமையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பால் வெட்டுகிற ஒரு பையன், இரண்டு நாள் ஒரு பொதுமருத்துவரின் மருந்து விட்டும் உறுத்தல் போகவில்லை என்று வந்தான். மேல் இமையைத் திருப்பினால் ரப்பர் பட்டையின் ஒரு துணுக்கு, எள்ளில் கால்வாசி இருக்கும், இமையின் உள்பக்கம் பதிந்து கிடந்தது. நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரு தொடுதல்தான், வந்துவிட்டது. "சார், கல்லை எடுத்த மாதிரி இருக்கு" என்றான். உங்கள் தம்பிக்கு மண் கிடப்பது போல உறுத்துகிறது என்று படித்ததும் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகம் வந்தான்.

அப்போ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, வழக்கமாகப் போகிற குடும்ப டாக்டரிடமோ போகக்கூடாதா? போகலாம். கண்ணில் தூசி விழுந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவியும் லேசாக உறுத்துகிறது என்றால் அதுவே போதும். இமையின் தோலில் மட்டும் சின்னக் கீறல் என்றாலும் சுத்தம் செய்து டி.டி. ஊசி போட அவரே போதும். இமையின் ஓரமோ மூக்குப் பக்கத்து மூலையோ கிழிந்திருந்தால் மட்டும் கண் டாக்டர்தான் தைக்கவேண்டும், அங்கே கண்ணீர் போகிற குழாய் இருக்கிறது. சுகாதார நிலையங்களில் என் போன்ற கண் உதவியாளர் எல்லா நாளும் இருக்க மாட்டார், வருகிற நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீலக் கண்ணாடி போட்ட டார்ச்சும் அந்த ஆரஞ்சு காகிதமும் இருந்தால் அங்கேயே கீறலைப் பார்த்துவிடலாம்.

கிராமத்திலேயே இதைச் செய்ய முடியும் என்பதற்கு நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில் நடந்த வேலையே சாட்சி. கண்ணில் அடிபட்டவர்களை உள்ளூர்ப் பணியாளர்களே சாயம் போட்டு நீல டார்ச்சில் பார்த்தார்கள், கீறல் இருந்தவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று தடவையாக மூன்று நாள் போட்டார்கள். 2001-ல் வெளியான கணக்கு இது: கீறல் பட்ட 442 பேரில் அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கழிந்து, இரண்டாம் நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது. இந்தக் கணக்கைப் படித்த பிறகு "நாளைக்குப் பார்க்கலாம்" என்று யாரையும் நான் அனுப்பியதில்லை. அங்கேயும் முதலில் பார்த்தார்கள், அப்புறம்தான் மருந்து போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆசானைப் பற்றி மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்களின் கை எனக்கும் தெரியும். மரத்திலிருந்து விழுந்த என் மாமனாரின் தோளை ஒரு ஆசான்தான் சரிசெய்தார். ஆனால் தோல் உரிந்த கருவிழியில் நந்தியாவட்டைச் சாறோ, தாய்ப்பாலோ, விளக்கெண்ணெயோ விடுவது வேறு விஷயம். கொதிக்க வைக்காத எந்தச் சாறிலும் கிருமி இருக்கும், திறந்த காயத்தில் அதை ஊற்றுகிறோம். நாக்கால் தூசி எடுக்கிற பழக்கமும் அப்படித்தான். புண் ஆறிய பிறகு உடம்புக்கு என்ன வைத்தியம் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், இந்த ஒரு வாரம் கண்ணுக்குள் எதுவும் வேண்டாம்.

எங்கே போவது என்றும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பக்கம் தக்கலை. அங்கே இருக்கிற பத்மநாபபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையில் காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் கண் பிரிவைக் கேளுங்கள். காசு கிடையாது. ஆனால் இன்று சாயங்காலமே பார்ப்பதுதான் நல்லது, மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் தனியார் கண் டாக்டர்கள் சாயங்காலம் இருப்பார்கள். போன் போட்டு, "கண்ணில் கம்பு தட்டிவிட்டது" என்று சொன்னால் முன்னால் கூப்பிடுவார்கள். திருநெல்வேலி அரவிந்த், திருவனந்தபுரம் அரசு கண் மருத்துவமனை இரண்டும் பெரிய இடங்கள். 1956 வரை நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் வயசானவர்கள் இன்றும் "கண்ணாஸ்பத்திரி" என்றாலே திருவனந்தபுரத்தைத்தான் சொல்வார்கள். இன்றைய காயத்துக்கு அவ்வளவு தூரம் பஸ் ஏற வேண்டியதில்லை. உள்ளூர் டாக்டர் பார்த்து, அங்கே போகவேண்டும் என்றால் அவரே எழுதிக் கொடுப்பார்.

ஆனால் இன்று ராத்திரிக்குள் பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் வலி கூடினாலோ, கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தாலோ, கண்மணி வட்டமாக இல்லாமல் கோணிப்போய்த் தெரிந்தாலோ காலை வரை இருக்கவேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. பந்தோ கைமுட்டியோ பட்டு, கருப்பு வட்டத்துக்கு முன்னால் ரத்தம் தேங்கி நின்றாலும் அப்படியே. வெள்ளைப் பகுதியில் மட்டும் திட்டாக ரத்தச் சிவப்பு, வலி இல்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்றால் பார்க்கத்தான் பயமாக இருக்கும், இரண்டு வாரத்தில் தானே கரைந்துவிடும்.

உங்கள் வீட்டில் ரப்பர் இருப்பதால் இன்னொன்றையும் எழுதாமல் விட மனசு வரவில்லை. பால் உறைய ஊற்றுகிற ஆசிட், பால் கெடாமல் இருக்கச் சேர்க்கிற அம்மோனியா, வெற்றிலைச் சுண்ணாம்பு, சிமெண்ட் இதில் எது கண்ணில் பட்டாலும் யாரிடம் போவது என்ற கேள்வியே அப்போது கிடையாது. முதலில் தண்ணீர். குழாயடியில் தலையைச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து, அரைமணி நேரம் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. சுண்ணாம்பும் அம்மோனியாவும் ஆசிட்டை விட மோசம், கருவிழிக்குள் ஊறிக்கொண்டே போகும். எலுமிச்சை, பால் என்று எதையும் சேர்க்காதீர்கள். வெல்டிங் வெளிச்சம் பார்த்துவிட்டு நடுராத்திரியில் கண் எரிகிறது என்று எழுந்தால், அது ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும், காலையில் கண் டாக்டரைப் பார்த்தால் போதும். கிரைண்டிங்கில் தெறித்த இரும்புப் பொடியை மட்டும் ஊக்கு முனையாலோ தாள் முனையாலோ தோண்ட விடாதீர்கள், சில மணி நேரத்திலேயே சுற்றித் துரு வட்டம் பிடிக்கத் தொடங்கிவிடும், அதையும் சேர்த்துச் சுரண்டி எடுக்கவேண்டும்.

தம்பி "பார்வை பரவாயில்லை" என்று சொன்னதை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொடுத்துவிடும். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டருக்கு முன்னால் பத்தடி தூரத்தில் நிறுத்துங்கள். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், விரல் இடுக்கு வேண்டாம், கண்ணை அழுத்தவும் வேண்டாம். தேதிக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தை இடது கண்ணால் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் மாற்றி. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் சாயங்காலம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். எழுத்துப் படிக்கத் தெரியாத பெரியவர், சின்னப் பிள்ளை என்றால் விரலை எண்ணச் சொல்லலாம். பிள்ளைகள் விஷயத்தில் என்ன பட்டது என்று யாரும் பார்க்கவில்லை என்றால், பென்சிலோ குச்சியோ குத்தியது என்றே வைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் தூக்கிப் போய்விடுங்கள்.

போகும்வரை கண்ணைக் கசக்கக்கூடாது, பஞ்சு வைத்துக் கட்டவும் வேண்டாம். டாக்டரிடம் "கண் சிவந்திருக்கு" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணிக்கு, என்ன மரத்துக் கம்பு, காய்ந்ததா பச்சையா, அதற்குப் பிறகு கண்ணில் என்னென்ன விட்டீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். அப்பா ஏற்கெனவே சொட்டு வாங்கிவந்து விட்டிருந்தால் தயங்காமல் அந்தப் புட்டியையும் கையில் எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அது ரொம்ப உதவும். மறுநாள் திரும்ப வரச் சொன்னால், உறுத்தல் நின்றுவிட்டாலும் போகவேண்டும். கண் ஆறுகிற வரைக்கும் அந்த வரிசை மரங்களை வேறு யாராவது வெட்டட்டும்.